காலிப் பெட்டிக்கு அடித்த மணி

அத்தியாயம் ஆறு

பெட்டி ஸ்கேனர் மெஷினுக்குள் நுழைந்ததுமே சிவப்பு விளக்கு எரிந்து மணி அடித்தது. பாலகுரு தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். ஒரு கையில் இரண்டு கத்தி. இன்னொன்றில் ஒரு கட்டு போலிச் சிகரெட். மெஷின் பிடிக்க வேண்டிய சாமான் இவ்வளவுதான். அத்தனையும் அவனிடமே இருந்தது.

"லாத்தா, நான் இன்னும் எதையும் உள்ள வைக்கவே இல்லையே" என்றான்.

"தெரியும். வைக்கிறதுக்கு முந்தி அனுப்பணும்னுதான் பட்டனை அமுக்கினேன்" என்றாள் அஃபீஃபா.

கோர் ஸலாமா துறைமுகத்தின் பயணிகள் கூடம் அந்தக் காலை பதினொரு மணிக்குக் காலியாகக் கிடந்தது. உல்லாசக் கப்பல் மாலை ஐந்துக்குத்தான் வரும். கூடத்தில் இருந்தது மூன்றே பேர். துப்பறிகிற அஃபீஃபா, காயல்பட்டினத்துக்காரி. சரக்கு கிளியரிங் ஆபீஸில் இருபது வருஷம் ஓடியாடிவிட்டு, துபாய் சத்வாவில் ஒரு ஜூஸ் கடைக்கு மேலே சொந்தமாக விசாரணை நிறுவனம் வைத்திருப்பவள். ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. அவளை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டு, அவளுக்குக் காரும் ஓட்டி வாயும் ஓட்டுகிறவன் பாலகுரு, பக்கத்து ஆறுமுகனேரி. ஒன்பது வருஷம் துபாயில் டாக்ஸி ஓட்டியவன். மூன்றாவது ஆள் அகிலா, இந்த ஊர் பலதியாவின், அதாவது நகராட்சியின், பொறியாளர். இவர்களை வரவழைத்ததும் அவள்தான்.

பாலகுரு கத்திகளையும் சிகரெட் கட்டையும் தன் சாப்பாட்டுப் பையில் போட்டு பெல்ட்டில் வைத்தான். பை உள்ளே போய் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் வெளியே வந்தது.

"காலிப் பெட்டிக்கு ஒப்பாரி, கத்திக்கு ஸலாம். நல்ல மெஷின்தான்" என்றான்.

அகிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

இந்த மெஷின் வந்த கதையை அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். குளிர்காலத்தில் வரும் உல்லாசக் கப்பல்களை நம்பித்தான் ஊர் வளர்கிறது. பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்கச் சுங்கத்துக்கு நவீன ஸ்கேனர் வேண்டும் என்று துறைமுகம் கேட்டது. பலதியா தன் நிதியிலிருந்து வாங்கித் தர ஒப்புக்கொண்டது. அதே நிதியில் மீனவர்களின் இடிந்த இறங்குதுறையைக் கட்டித் தரச் சொல்லி ஒரு கூட்டம் கேட்டு, ஒரே ஓட்டில் தோற்றது. முதல் கட்டமாக இரண்டு மெஷின் வந்தது. தடை செய்த பொருளைத் தானே கண்டுபிடித்துத் தானே மணி அடிக்கும், ஓப்பரேட்டர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று கம்பெனி சொன்னது. சோதனை வைத்தார்கள். சுங்க அதிகாரிகள் தங்கள் கையாலேயே பன்னிரண்டு பெட்டிகளில் சாமானை ஒளித்து நூறு பெட்டிகளோடு கலந்து அனுப்பினார்கள். பன்னிரண்டையும் மெஷின் பிடித்தது. சரியாக வேலை செய்கிறது என்று அகிலா கையெழுத்துப் போட்டாள்.

போன சனிக்கிழமை அது கந்தலானது. கப்பலில் வந்த ஒருவரின் பெட்டி மணி அடிக்காமல் வெளியே போய் டாக்ஸி டிக்கியில் ஏறியது. சிக்னலில் நின்றபோது டிக்கிக்குள் ஏதோ பிராண்டுவதைக் கேட்டு டிரைவர் இறங்கிப் பார்த்தான். முப்பத்தோரு நட்சத்திர ஆமைகள். மெஷின் மேல் குற்றமில்லை, மணி அடித்தும் கேட்காமல் டூட்டியில் தூங்கின ஓப்பரேட்டர் மேல்தான் என்று கம்பெனி கை காட்டியது. அந்த ஓப்பரேட்டர் நாகலிங்கம், முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். முந்தின நாள் அவனைப் பார்த்துப் பேசிய அஃபீஃபா, அவனைக் காப்பாற்றத்தான் இதில் இறங்கியிருந்தாள். கம்பெனி அவனை வேலையை விட்டு எடுத்து, இன்றைக்கு இரவு எட்டு மணி விமானத்தில் ஊருக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன், மாலை நான்கு மணிக்கு, இதே கூடத்தில் நகர மன்றம் கூடி இன்னும் எட்டு மெஷினுக்கு நிதி ஒதுக்கிக் கையெழுத்துப் போடுகிறது.

அஃபீஃபா, சோதனைக்கு வைத்த பன்னிரண்டில் ஒன்றான அந்தக் காலிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து உள்துணியைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு மூலையில் விரல் நின்றது. அந்த இடத்தில் மட்டும் தையல் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. பிளேடால் கீறினாள். உள்ளே தபால்தலை அளவில் ஒரு மெல்லிய வில்லை.

"துணிக்கடையில சட்டையைச் சுருட்டிக்கிட்டு வெளிய வந்தா வாசல்ல கீச்சுனு கத்துமே, அதுதானே இது?" என்று கேட்டான் பாலகுரு.

அதேதான். மெஷினுக்குச் சாமான் எதுவும் தெரியாது. வில்லை பக்கத்தில் வந்தால் மணி அடிக்கும். பெட்டியில் தங்கக்கட்டி இருந்தாலும் சரி, தயிர்சாதம் இருந்தாலும் சரி. சோதனைப் பெட்டிகள் பன்னிரண்டையும் வாங்கிக் கொடுத்தது யார் என்று அஃபீஃபா கேட்டாள். கம்பெனிதான் என்றாள் அகிலா. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பயணிகள் பெட்டியோடு மாறிப்போகாது என்று அங்கே பொறுப்பாக இருக்கும் ஷ்யாம் சொன்னானாம். அதைத் தான் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டியதையும் தலை குனிந்துகொண்டே சொன்னாள்.

அஃபீஃபா உள்துணியைப் புரட்டினாள். தையல்காரர்கள் வைத்திருக்கும் நீலச் சாக்கட்டியில் தமிழில் எழுதியிருந்தது: நா 7.

அதை இரண்டு தடவை படித்தாள். எழுந்து கூடத்தின் கடைசி வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். பாலகுரு குனிந்து பார்த்துவிட்டு, ஏழு என்பது ஏழாவது பெட்டி, நா என்பது தையல்காரன் பேர், நாவில் ஆரம்பிக்கிற தமிழ் டெய்லரைப் பிடித்தால் கதை முடிந்தது என்றான். அவள் எழுத்து இருந்த துண்டை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்தாள்.

கூட்டத்தை இப்போதே நிறுத்திவிடவா என்று அகிலா கேட்டாள். நிறுத்தினால் ஒரு பெட்டியில் ஏதோ கோளாறு என்று சொல்லி ஷ்யாம் நழுவிவிடுவான், தைக்கக் கொடுத்தது யார் என்று தெரியாமல் வாயைத் திறக்க வேண்டாம் என்றாள் அஃபீஃபா. வில்லையையும் துணித்துண்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மணி பதினொன்றே முக்காலுக்குக் காரில் ஏறினாள்.

தமிழ் டெய்லர்கள் நிறைந்த சத்வாவுக்கு ஒன்றேகால் மணி நேர ஓட்டம். வழி முழுக்க அவள் கைப்பை ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இன்னும் கொஞ்சம் மிதிக்கக் கூடாதா என்று நாலு தடவை கேட்டாள்.

"ரோட்டு ஓரம் கேமரா இருக்கு லாத்தா. அந்த மெஷின் நிஜமாவே பிடிக்கும்."

சத்வாவில் அவர்கள் முதலில் ஏறியது நாகூர்க்காரர் ஒருவரின் கடை. அவர் பெட்டி கிட்டி எதுவும் தைத்ததில்லை என்றார். அடுத்தது நாச்சியார் லேடீஸ் டெய்லரிங். அங்கே ரவிக்கையைத் தவிர வேறு எதற்கும் ஊசி எடுப்பதில்லை என்று பதில் வந்தது. பாலகுருவுக்கு வியர்வை சட்டையை நனைத்துவிட்டது. நாவில் ஆரம்பிக்கும் மூன்றாவது டெய்லர் அவனுக்குத் தெரியவில்லை. அஃபீஃபா சந்து திரும்பி, அடுத்த தமிழ் டெய்லரான செய்கு அலாவுதீனின் கடைக்குள் நுழைந்தாள். கீழக்கரைக்காரர், முப்பது வருஷமாக அரபிகள் போடும் நீள அங்கியான கந்தூரா தைப்பவர். அவள் நீட்டிய துணித்துண்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, தன் கை வேலைதான் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

"உங்க பேர்ல நா எங்க பாய் இருக்கு?" என்றான் பாலகுரு.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தைக்கிறவன் தன் பேரை எதுக்குத் தம்பி எழுதுறான்? துணி கொடுத்தவன் பேரைத்தான் எழுதுவான். இல்லாட்டி உங்க பேன்ட்டை இன்னொருத்தர் போட்டுட்டுப் போவார்."

பிறகு அவராகவே சொன்னார். மூணு மாசத்துக்கு முந்தி ஒரு ஆள் கம்பெனி வேனில் பன்னிரண்டு புதுப் பெட்டியோடு வந்தார். தொலைந்துபோனால் கண்டுபிடிக்கிற சிப்பு என்று ஒரு டப்பாவைக் கொடுத்து, வெளியே தெரியாமல் வைத்துத் தைக்கச் சொன்னார். நல்ல மனுஷன். தைத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து தங்கச்சி கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு என்று தனக்கும் ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். வாங்க வரவேயில்லை.

கம்பியில் தொங்கிய சட்டைகளை விலக்கி, வெளிர்நீலச் சட்டை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். காலரில் குத்தியிருந்த சீட்டில் பேரும் போன் நம்பரும் இருந்தன.

நாகலிங்கம்.

யாரைக் காப்பாற்றக் காலையிலிருந்து ஓடுகிறார்களோ, அவன் பேர்.  அஃபீஃபா சட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"அந்த எழுத்தைப் பார்த்ததுமே பயந்தேன் பாலா. நா-ங்கிற டெய்லர் யாராச்சும் இருந்துடணும்னுதான் ரெண்டு கடையும் ஆசையா ஏறி இறங்கினேன்."

ஷார்ஜா முவைலாவில் கம்பெனி கேம்ப்பை அடைந்தபோது மணி இரண்டரை. அறையில் ஆறு கட்டில். மற்றவர்கள் டூட்டிக்குப் போயிருந்தார்கள். நாகலிங்கம் தரையில் குந்தி, அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். முந்தின நாள் பார்த்ததைவிட இன்னும் ஒடுங்கிப்போயிருந்தான். தன்னை வேலைக்குத் திரும்ப வைக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னான்.

அஃபீஃபா சட்டையைக் கட்டிலில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். கயிற்றை விட்டுவிட்டான்.   

பிறகு நாகலிங்கம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஷ்யாம் சார்தான் பெட்டியையும் டப்பாவையும் கொடுத்து அனுப்பினார். காணாமல் போகாமலிருக்கச் சிப்பு என்று அவர் சொன்னதை அப்போது அவன் நம்பினான். சோதனை அன்றைக்குப் பன்னிரண்டும் மணி அடித்தபோது எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினான். அப்புறம் நிஜக் கப்பல்கள் வந்தன. ஆயிரக்கணக்கில் பெட்டி போயிற்று. மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஷ்யாமிடம் போய்க் கேட்டான். ஷ்யாம் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த எட்டு மெஷின் வந்ததும் நீதான் சூப்பர்வைசர், யாரிடமும் பேசாதே என்று தோளில் தட்டி அனுப்பினான்.

"நானும் பேசல மேடம். சூப்பர்வைசர்னு ஊருக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன்."

ஆமைகளைப் பற்றியும் சொன்னான். அன்றைக்கு அவன் தூங்கவில்லை. திரையில் படம் தெளிவாகவே விழும், மணிதான் பொய். அந்தப் பெட்டி போனபோது வட்ட வட்டமாக, பன் அடுக்கினது போல வரிசையாகத் தெரிந்தது. இதென்ன என்று ஒரு கணம் யோசித்தான். நிறுத்தினால், மணி அடிக்காத பெட்டியை ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டான்.

அஃபீஃபா உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே கேட்டாள். முடிந்ததும் சுவரோரம் இரண்டு நடை நடந்துவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எட்டு மணிக்கு ஃபிளைட் ஏறுனீங்கன்னா உங்களை இனி யாரும் தேட மாட்டாங்க. நாலு மணிக்கு என்கூட வந்தீங்கன்னா, தைக்கக் கொடுத்தது நான்தான்னு உங்க வாயால சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் உங்களைக் காப்பாத்திடுவேன்னு நான் வாக்குத் தர மாட்டேன். என்னால முடியாத வாக்கு அது."

நான் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவன் கேட்டான். எட்டு மெஷினும் வந்து சேரும், அதன் முன்னால் வேறொரு ஓப்பரேட்டர் உட்காருவான், அடுத்த தடவை பெட்டிக்குள் ஆமைதான் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றாள்.

நாகலிங்கம் போட்டிருந்த பனியனைக் கழற்றிவிட்டுப் புதுச் சட்டையை மாட்டினான். மூணு மாசத்துக்கு முந்தைய அளவு. தோளில் வழிந்தது.

"போகலாம்" என்றான்.

நான்கு மணிக்குக் கூடம் வேறு மாதிரி இருந்தது. விரிப்பு போட்டு நாற்காலி அடுக்கியிருந்தார்கள். மேஜையில் அரபுக் காபியான காவாவும் பேரீச்சம்பழப் பெட்டிகளும். முன்வரிசையில் நகர மன்றத் தலைவர், வெள்ளைத் தாடி, அதிகம் பேசாதவர். பக்கத்தில் சுங்க அதிகாரி, மடியில் கையெழுத்துக் கோப்பு. ஷ்யாம் கோட்டு போட்டு, சரளமான ஆங்கிலத்தில் மெஷினின் அறிவைப் புகழ்ந்துகொண்டிருந்தான். மீதிப் பதினொரு பெட்டிகளும் வரிசையாகப் போய் வரிசையாக மணி அடித்தன. எல்லோரும் கை தட்டினார்கள். பன்னிரண்டாவது எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அகிலா எழுந்தாள்.  தான் கொடுத்த அறிக்கை தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அரபியில் சொன்னாள். ஷ்யாமின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் ஏன் என்று சொல்வதற்குள் நாகலிங்கம் பெல்ட்டை நோக்கி நடந்துவிட்டான்.

இந்த ஆள் டூட்டியில் தூங்கியதற்காக நீக்கப்பட்டவன், வஞ்சம் தீர்க்க வந்திருக்கிறான், வெளியே அனுப்புங்கள் என்றான் ஷ்யாம். இரண்டு காவலர்கள் நகர்ந்தார்கள். அஃபீஃபா தன் கைப்பையிலிருந்து வில்லையை எடுத்து நாகலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விருந்தினர் மேஜையிலிருந்து ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்தான். மூடியைத் திறந்து பழத்தை எல்லோருக்கும் காட்டினான். வில்லையையும் தூக்கிக் காட்டிவிட்டு பழத்தின் மேல் வைத்து மூடி, பெல்ட்டில் விட்டான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மணி அடித்தது.

வில்லையை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினான். பழம் சத்தமில்லாமல் வெளியே வந்தது.

 தலைவர் எழுந்து பெல்ட்டின் அருகே வந்தார். அகிலா பெட்டிகளில் ஒன்றை எடுத்து உள்துணியைக் கிழித்து நீட்டினாள். அதே மூலை, அதே வில்லை. தலைவர் அதை விரலில் வைத்துப் பார்த்தபடி, இதை யார் தைக்க வைத்தது என்று ஹிந்தியில் கேட்டார்.

ஷ்யாம், தனக்குத் தெரியாது, கீழே வேலை செய்கிறவர்கள் யாராவது செய்திருப்பார்கள் என்றான்.

"சரிதான் சாப்" என்றான் நாகலிங்கம், தனக்குத் தெரிந்த ஹிந்தியில். "கொண்டு போனது நான். கொடுத்து அனுப்பியது இவர். தெரிஞ்ச பிறகும் ரெண்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான்."

தலைவர் சுங்க அதிகாரியின் மடியிலிருந்த கோப்பை வாங்கி மூடினார். அவ்வளவுதான் கூட்டம். மீனவர் இறங்குதுறைக்கு அன்றைக்குக் கை தூக்கியவர்களில் இவரும் ஒருவர் என்று அகிலா பிறகு சொன்னாள். ஷ்யாமை இரண்டு காவலர்கள் அலுவலக அறைக்குள் அழைத்துப்போனார்கள். இன்னொருவர் நாகலிங்கத்தின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி ஆளிடமிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். எட்டு மணி விமானம் அவன் இல்லாமல்தான் போகும். அவன் சாட்சியா, குற்றவாளியா என்பதை இன்றைக்கு யாரும் முடிவு செய்யப் போவதில்லை. அஃபீஃபா தனக்குத் தெரிந்த வக்கீலுக்கு போன் போட்டபடி கூடத்தை நீளமாக அளந்துகொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குக் கப்பல் சங்கு ஊதியது. ஆயிரத்து எண்ணூறு பயணிகள். முதல் வண்டியில் பெட்டிகள் வந்து இறங்கின. மற்ற ஓப்பரேட்டர்கள் மணிக்காகக் காத்திருந்தே பழகியவர்கள். மெஷினை நிறுத்திவிட்டு எல்லாப் பெட்டியையும் கையால் திறந்தால் விடிந்துவிடும். சுங்க அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சுவரோரம் காவலோடு நின்ற நாகலிங்கத்தைப் பார்த்து, திரையில் விழும் படத்தை உனக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

"எட்டு வருஷம் இதான் சாப் வேலை. வேற துறைமுகத்துல, மணி இல்லாத மெஷின்ல."

உட்கார், உன் வாக்குமூலத்தை அப்புறம் எழுதிக்கொள்கிறேன் என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, அதிகாரி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

நாகலிங்கம் வழிகிற சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பெல்ட் ஓடியது. ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, பத்துப் பெட்டி. கண்ணைத் திரையை விட்டு எடுக்கவில்லை. பாலகுருவும் அங்கேயே நின்றான். காரை எடு என்று அஃபீஃபா சொல்லவில்லை. அன்று முதல் தடவையாக அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாவதாக ஒரு பச்சைப் பெட்டி உள்ளே போனது. சிவப்பு விளக்கு எரியவில்லை. மணி அடிக்கவில்லை.

நாகலிங்கம் பெல்ட்டை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினான்.